திரையில் பொத்தானைத் தேடும் நிரல்

ஓர் ஆன்லைன் விளையாட்டு திறந்திருக்கிறது. திரை முழுக்கக் காடும் மலையும். மேலே நாணயக் கணக்கு, இடப்பக்கம் வரைபடம், வலது கீழ் மூலையில் பச்சை நிறத்தில் 'தொடங்கு' பொத்தான். உங்கள் விரல் நேரே அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசிப்பதுகூட இல்லை.

அதே வேலையை ஒரு கணினி நிரலிடம் கொடுத்துப் பார்ப்போம். "இந்தத் திரையில் 'தொடங்கு' பொத்தான் எந்த இடத்தில் இருக்கிறது? தேடிச் சொல்." இதற்கென்றே கருவிகள் எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஒரு நொடிகூட ஆகாத இந்த வேலைக்குள் எத்தனை கோடிக் கணக்கு இருக்கிறது தெரியுமா? அதைத்தான் இன்று பேசப்போகிறோம், பிள்ளைகளே. காகிதமும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

உங்களில் சிலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: "பொத்தானை வரைந்ததே கணினிதானே? தான் வரைந்தது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாதா?"

நல்ல கேள்வி. வரைந்த நிரலுக்குத் தெரியும். தேடுகிற நிரல் வேறு, அதற்குத் தெரியாது. வங்கிச் செயலி, பேருந்து முன்பதிவுச் செயலி போன்ற சாதாரணச் செயலிகள் பொத்தானை வரையும்போதே செல்பேசியின் இயக்க அமைப்பிடம், "இங்கே ஒரு பொத்தான் இருக்கிறது, அதன் பெயர் 'அனுப்பு'" என்று பதிவு செய்துவிடும். உரிய அனுமதி பெற்ற வேறொரு நிரல் கேட்டால் அந்தத் தகவல் கிடைக்கும். விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. குதிரை, மரம், வாள், பொத்தான் எல்லாவற்றையும் தாங்களே ஒரே படமாகத் தீட்டி, நொடிக்கு 30 முறையோ 60 முறையோ திரையில் போட்டுவிடுகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் நிரலுக்கு மரத்தின் இலையும் ஒன்றுதான், பொத்தானும் ஒன்றுதான். அதன் கையில் இருப்பது திரையின் படம் மட்டும்.

அந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது? இதைச் சொல்லித்தர செவிலிமேட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

செவிலிமேடு, காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில், வந்தவாசி சாலை பாலாற்றைக் கடக்கும் இடத்தில் இருக்கிறது. பட்டுத் தறியின் சத்தத்தோடு வளரும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது பழகிய விஷயம். சேலைக் கரையில் ஓர் அன்னமோ மயிலோ நெய்ய வேண்டுமானால், அதை முதலில் கிராஃப் தாளில் வரைந்துகொள்வார்கள். தாளில் உள்ள ஒவ்வொரு சின்னக் கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். அங்கே சரிகை மேலே தெரிய வேண்டுமென்றால் கட்டத்துக்கு நிறம் கொடுப்பார்கள். தெரிய வேண்டாமென்றால் வெறுமையாக விடுவார்கள். மயிலின் கழுத்து வளைவைக் கிட்டத்தில் பார்த்தால் படிப்படியாக இருக்கும். தள்ளி நின்று பார்த்தால்தான் வளைவு.

பிறகு அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்துவார்கள். வடிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், அதனோடு சேர்ந்த கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் நூல் கீழேயே கிடக்கும். பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய முறை இது. 1839-இல் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. முழுக் கணிப்பொறி ஒன்றை முதன்முதலில் கற்பனை செய்த சார்லஸ் பாபேஜ் அந்தப் பட்டுப்படத்தில் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்தார். தான் திட்டமிட்ட இயந்திரத்துக்கும் ஓட்டை போட்ட அட்டைகளையே எடுத்துக்கொண்டார்.

செல்பேசித் திரையும் ஒரு கிராஃப் தாள்தான். அதன் ஒரு கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். தமிழில் படப்புள்ளி என்கிறோம். நெசவு அட்டையில் ஓட்டை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. பிக்சலில் அதைவிட விரிவான தகவல் இருக்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. இந்த மூன்றைக் கலந்து 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள் உண்டாக்கலாம். 256-ஐ மூன்று முறை பெருக்கிச் சரிபாருங்கள்.

ஆகவே, நிரலுக்குக் காடு தெரியாது, குதிரை தெரியாது, 'தொடங்கு' என்ற எழுத்தும் தெரியாது. அதற்குத் தெரிவது எண்கள் எழுதிய ஒரு பெரிய கட்டத்தாள். நாம் தேடச் சொல்லும் பொத்தானும் எண்கள் எழுதிய ஒரு சின்னக் கட்டத்தாள். சின்னத் தாள், பெரிய தாளில் எங்கே பொருந்துகிறது? கேள்வி இவ்வளவுதான். சின்னத் தாளை மாதிரிப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பென்சிலை எடுங்கள். கட்டத்தாள் முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். வரியில் உள்ள எண்கள்:

2, 3, 9, 3, 9, 2, 1

மாதிரி: 9, 3, 9

மாதிரியை வரியின் தொடக்கத்தில் வைக்கிறோம். மேலே 9, 3, 9. கீழே 2, 3, 9. ஒவ்வொரு ஜோடிக்கும் வித்தியாசம் பார்ப்போம். 9-க்கும் 2-க்கும் வித்தியாசம் 7. 3-க்கும் 3-க்கும் 0. 9-க்கும் 9-க்கும் 0. கூட்டினால் 7.

ஒரு கட்டம் நகர்த்துகிறோம். இப்போது கீழே 3, 9, 3. வித்தியாசங்கள் 6, 6, 6. கூட்டினால் 18. இன்னும் ஒரு கட்டம். கீழே 9, 3, 9. வித்தியாசம் 0! அடுத்த இடத்தில் 19, கடைசி இடத்தில் 9. மிகக் குறைந்த கூட்டுத்தொகை மூன்றாம் இடத்தில் வந்தது. பொத்தான் அங்கே இருக்கிறது.

நீங்கள் இப்போது செய்ததற்கு மாதிரிப் பொருத்தம் என்று பெயர். கணினிப் பார்வை படிப்பவர்கள் தொடக்கத்தில் கற்பவற்றில் இதுவும் ஒன்று. இன்டெல் நிறுவனத்தில் 1999-இல் தொடங்கிய ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பில் இந்தக் கணக்கைச் செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். பொத்தான் தேடும் கருவிகள் பலவற்றின் அடியில் இந்தத் தொகுப்புதான் இருக்கிறது.

நீங்கள் தேடியது ஒரு வரியில், ஐந்து இடங்களில். உண்மையான திரையில்? அகலம் 1920 பிக்சல், உயரம் 1080 பிக்சல் உள்ள கணினித் திரையை எடுத்துக்கொள்வோம். அதில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்கள். பொத்தான் 100 அகலம், 40 உயரம். அதாவது 4,000 பிக்சல். இந்தப் பொத்தானைத் திரையில் வைத்துப் பார்க்கக்கூடிய இடங்கள், அகலவாக்கில் 1821, உயரவாக்கில் 1041. பெருக்கினால் 18 லட்சத்து 95 ஆயிரத்து 661 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 4,000 கழித்தல். மொத்தம் சுமார் 758 கோடி! அதுவும் நிறத்தை விட்டுவிட்டு, வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால். மூன்று நிறங்களையும் பார்த்தால் இன்னும் மூன்று மடங்கு.

இன்றைய கணினிகள் வேகமானவைதான். ஆனாலும் விளையாட்டு அதற்குள் பல படங்களைத் தாண்டிப் போய்விடும். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். திரைப் படத்தையும் மாதிரியையும் கால் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். இப்போது திரை 480-க்கு 270. பொத்தான் 25-க்கு 10. தேட வேண்டிய இடங்கள் 1 லட்சத்து 19 ஆயிரத்து 16. ஒவ்வொன்றிலும் 250 கழித்தல். மொத்தம் சுமார் 3 கோடி. 758 கோடி எங்கே, 3 கோடி எங்கே! ஏறக்குறைய 255-இல் ஒரு பங்கு வேலை. சுருக்கிய படத்தில் "இந்தப் பக்கமாக இருக்கலாம்" என்று தெரிந்ததும், பெரிய படத்தில் அந்தச் சிறு பகுதியை மட்டும் நுணுக்கமாகத் தேடினால் போதும். நீளத்தையும் அகலத்தையும் கால் பங்காக்கினால் வேலை ஏன் நாலில் ஒன்றாகக் குறையாமல் 255-இல் ஒன்றாகக் குறைகிறது? இதை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

இடம் கிடைத்ததும் நிரல் நான்கு எண்களைத் தரும். இடமிருந்து எத்தனையாவது பிக்சல், மேலிருந்து எத்தனையாவது பிக்சல், அகலம், உயரம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி வரைபடத்தில் மேலே போனால் எண் கூடும். திரையில் மேல் இடது மூலைதான் பூச்சியம். கீழே வந்தால் எண் கூடும். 1200, 900, 100, 40 என்று விடை வந்தால் பொத்தானின் நடுப்புள்ளி 1250, 920. அங்கே சுட்டியைக் கொண்டுபோய் அழுத்த வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் வட்ட முனைப் பொத்தான் கைநழுவிப் போகும்.

இதுவரை எல்லாம் சுமுகம். சிக்கல் இனிமேல்தான்.

விளையாட்டில் மாலை ஆகிறது, திரை மங்குகிறது என்று வையுங்கள். எல்லா எண்களும் ஒன்று குறைந்துவிட்டன. நம் வரி இப்போது 1, 2, 8, 2, 8, 1, 0. மாதிரியோ பழைய 9, 3, 9. மூன்றாம் இடத்தில் வித்தியாசம் 0 வராது, 3 வரும். நிரல் "இல்லை" என்று சொல்லிவிடலாம். இதற்கு அழகான ஒரு வழி உண்டு. 9, 3, 9-இன் சராசரி 7. ஒவ்வொன்றிலிருந்தும் 7-ஐக் கழித்தால் +2, −4, +2. மங்கிய 8, 2, 8-இன் சராசரி 6. கழித்தால் அதே +2, −4, +2! வெளிச்சம் மாறினாலும் வடிவம் மாறவில்லை என்று எண்களே சொல்லிவிட்டன. சராசரிப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

அளவு மாறினால் சராசரி உதவாது. ஒரே விளையாட்டு சிறிய செல்பேசியிலும் ஓடுகிறது, பெரிய டேப்லெட்டிலும் ஓடுகிறது. பொத்தானும் அதற்கேற்பச் சிறுக்கும், பெருக்கும். மாதிரியைப் பல அளவுகளில் பெருக்கியும் சுருக்கியும் தேடிப் பார்க்கலாம். அல்லது மூலைகள், விளிம்புச் சந்திப்புகள் போன்ற தனித்துவமான புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றின் அமைப்பைப் பொருத்திப் பார்க்கலாம். கனடாவில் டேவிட் லோ என்ற அறிஞர் 1999-இல் வெளியிட்ட முறை இப்படிப்பட்டது. படம் பெரிதானாலும், சிறிதானாலும், சாய்ந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

மாதிரிப் படத்தைச் சேமிக்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் கேமராவில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் வடிவில் சேமிக்கப்படும். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அது பிக்சல் எண்களைக் கொஞ்சம் மாற்றிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது. எண்ணை எண்ணோடு ஒப்பிடும் நிரலுக்குப் பெரிய குழப்பம். ஆகவே மாதிரியை எண் மாறாத பிஎன்ஜி வடிவில் சேமிப்பார்கள்.

எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது வேறொன்று. ஒரே பச்சை நிறத்தில், ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'வாங்கு', மற்றதில் 'விற்பனை'. பிக்சல்களில் பெரும்பகுதி பச்சை. எழுத்து இருக்கும் கொஞ்சப் பிக்சல்களில்தான் வித்தியாசம். பொருத்தம் எவ்வளவு இருந்தால் "இதுதான்" என்று ஒப்புக்கொள்வது என்று நாம் ஒரு வரம்பு வைக்க வேண்டும். வரம்பைத் தளர்த்தினால் தவறான பொத்தானை அழுத்திவிடும். இறுக்கினால் சரியான பொத்தானையே விட்டுவிடும். இரண்டு தவறுகளில் எது குறைந்த கேடு என்று நிரல் எழுதுபவர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டும். கணினி அதைத் தானாக முடிவு செய்யாது. பொத்தான் மீதுள்ள எழுத்தைப் படிக்க வைக்கலாம். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி தமிழையும் படிக்கும். ஆனால் சின்ன எழுத்தில், பின்னால் புகையும் நெருப்பும் ஓடும் விளையாட்டுத் திரையில், துணைக்காலையும் 'ர'-வையும் பிரித்தறிய அது நிறையவே திணறும்.

சரி, இப்படிப்பட்ட கருவிகள் யாருக்கு வேண்டும்? விளையாட்டு செய்கிறவர்களுக்கே வேண்டும். ஒரு விளையாட்டை வெளியிடும் முன், அது நூற்றுக்கணக்கான விதமான செல்பேசிகளில் சரியாக ஓடுகிறதா, ஒவ்வொரு பொத்தானும் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர்களே உட்கார்ந்து ஒவ்வொரு செல்பேசியிலும் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் மாதங்கள் ஓடிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2009-இல் சிகூலி என்ற கருவியைச் செய்தார்கள். அதில் நிரல் எழுதும்போது, வரிகளுக்கு நடுவே பொத்தானின் படத்தையே வைத்துவிடலாம். "இந்தப் படத்தை அழுத்து" என்பதே கட்டளை. சீனாவின் நெட்ஈஸ் என்ற விளையாட்டு நிறுவனம் 2018-இல் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஏர்டெஸ்ட் இதே வழியில், குறிப்பாக விளையாட்டுகளைச் சோதிப்பதற்காகவே உருவானது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதே நிறுவனம் போகோ என்று இன்னொரு கருவியையும் கூடவே தருகிறது. அது படத்தைப் பார்ப்பதே இல்லை. விளையாட்டுக்குள் ஒரு சிறு நிரலை முன்கூட்டியே வைத்துவிட்டு, "உன் பொத்தான்கள் எங்கெங்கே இருக்கின்றன?" என்று விளையாட்டிடமே கேட்டுவிடுகிறது. விளையாட்டைச் செய்தவர்கள் ஒத்துழைத்தால் இந்த வழி பிழையே இல்லாமல் நடக்கும்.

பொத்தான் தேடும் இதே கருவிகளைச் சிலர் வேறு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். தாங்கள் தூங்கும்போது நிரல் பொத்தானை அழுத்தி அழுத்தி நாணயம் சேர்க்க வேண்டும் என்று. இது ஏமாற்று. ஏறக்குறைய எல்லா ஆன்லைன் விளையாட்டுகளின் விதிகளும் இதைத் தடை செய்கின்றன. பிடிபட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். சொந்த மூளையால் வெல்வதன் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2022 பிப்ரவரியில், 16 வயதுச் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா ஆன்லைன் சதுரங்கப் போட்டியில் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு 39 நகர்த்தல்களில் வென்றார். உலகமே கொண்டாடியது. ஏன்? அந்த 39 நகர்த்தலும் அவர் மூளையில் பிறந்தவை. திரையைப் பார்த்துக் காய்களின் இடத்தைக் கண்டறிந்து நகர்த்தல் சொல்லும் நிரலும் எழுத முடியும். இதுபோன்ற உதவிகளைத் தடுக்கத்தான், பெரிய ஆன்லைன் சதுரங்கப் போட்டிகளில் ஆட்டக்காரர்களைக் கேமராக்கள் கண்காணிக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "தானாக அழுத்தும் செயலி, இலவசம்" என்று யாராவது ஒரு கோப்பை அனுப்பினால் நிறுவாதீர்கள். பொத்தானைத் தேட வேண்டுமானால் அது திரை முழுவதையும் பார்க்க வேண்டும். விளையாட்டுத் திரையைப் பார்க்கக் கொடுத்த அனுமதி, அப்பா வங்கிச் செயலியைத் திறக்கும்போதும், அம்மாவுக்கு ஓடிபி எண் வரும்போதும் அப்படியே இருக்கும்.

இனி, இந்தக் கருவிகளை நான் மனமார விரும்புவதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

பார்வையில்லாத ஒரு சிறுமி செல்பேசியை எப்படிப் பயன்படுத்துகிறாள்? ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான்கள் இருக்கின்றன. கணினிக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் உண்டு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கியது. செல்பேசித் திரையில் விரலை வைத்தால், கீழே இருக்கும் பொத்தானின் பெயரைத் திரைவாசிப்பான் உரக்கச் சொல்லும். 'அனுப்பு, பொத்தான்' என்று. முதலில் சொன்னேனே, சாதாரணச் செயலிகள் பொத்தானின் பெயரை இயக்க அமைப்பிடம் பதிவு செய்துவிடும் என்று? திரைவாசிப்பான் அந்தப் பெயரைத்தான் படிக்கிறது. பெயரைப் பதிவு செய்யாத விளையாட்டைத் திறந்தால்? விரல் எங்கே போனாலும் மௌனம்தான். திரையில் காடும் குதிரையும் பொத்தானும் இருக்கின்றன. அந்தச் சிறுமிக்கு எதுவுமே இல்லை. வகுப்பில் எல்லாரும் விளையாடுகிற விளையாட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் வாசல் அடைத்திருக்கிறது.

ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் இந்த வாசலைத் திறக்கப் பொத்தான் தேடும் நிரலையே பயன்படுத்தினார்கள். 4,068 ஐபோன் செயலிகளிலிருந்து 77,637 திரைப் படங்களைச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் இது பொத்தான், இது எழுத்து, இது படம் என்று மனிதர்களைக் கொண்டு கட்டம் போட்டுக் குறிக்க வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பு பழகிக்கொண்டது. நம் 9, 3, 9 முறையில் ஒரு குறிப்பிட்ட பொத்தானின் மாதிரி கையில் இருக்க வேண்டும். பழகிய வலையமைப்புக்கு அது வேண்டாம். முன்பின் பார்த்திராத திரையிலும் "இது பொத்தான் போலிருக்கிறது" என்று ஊகிக்கும். 2020-இல் வெளிவந்த ஐஓஎஸ் 14-இல் இந்த வசதி சேர்ந்தது. பெயர் பதிவு செய்யாத செயலிகளையும் திரைவாசிப்பான் ஓரளவு வாசிக்கத் தொடங்கியது.

ஓரளவுதான். ஊகம் தவறலாம், வேகமாக மாறும் விளையாட்டுத் திரையில் அதிகமாகவே தவறும். விளையாட்டைச் செய்தவர்களே முன்வந்து செய்தால்தான் முழுப் பயன். 2020-இல் வெளிவந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' பெரியவர்களுக்கான விளையாட்டு. அதில் 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளை வைத்தார்கள். பார்வையே இல்லாதவர்களும் ஒலியையும் அதிர்வையும் கொண்டு அதைக் கடைசி வரை விளையாடி முடித்தார்கள். செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் பல நிறுவனங்களில் இன்னும் வரவில்லை.

பொத்தானுக்குப் பெயர் வைப்பது பெரிய வேலையும் இல்லை. உலாவியில் ஓடும் விளையாட்டு எழுதுபவர் கேன்வஸ் என்ற பரப்பில் பொத்தானை ஓவியமாகத் தீட்டினால் திரைவாசிப்பானுக்கு ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் எச்டிஎம்எல் மொழியின் பொத்தான் குறியைப் போட்டு, அதில் பெயரை எழுதினால் உடனே வாசிக்கும். ஒரே ஒரு வரிதான் வேறுபாடு. செல்பேசி விளையாட்டுகள் பலவற்றை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி என்ற கருவியிலும் இப்போது திரைவாசிப்பானோடு பேசும் வசதி வந்துவிட்டது.

உங்களில் பலர் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஸ்கிராட்ச் மொழியில் விளையாட்டு செய்து பார்த்திருப்பீர்கள். 'இந்த நிறத்தைத் தொடுகிறதா?' என்று கேட்கும் ஒரு கட்டளைக் கட்டை அதில் இருக்கிறது. இன்று பேசிய பிக்சல் ஒப்பீட்டின் மிக எளிய வடிவம் அது. அதை வைத்து ஒரு பந்து, திரையில் சிவப்புப் பொத்தானைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும்படி செய்து பாருங்கள். பைத்தான் தெரிந்த அண்ணன் அக்காமார்கள், பைஆட்டோஜியுஐ என்ற தொகுப்பை நிறுவி, கணினியில் இருக்கும் கால்குலேட்டரின் 7 என்ற பொத்தானைத் தேடச் சொல்லலாம். யாருடைய போட்டியையும் அது கெடுக்காது.

செவிலிமேட்டிலோ வேறு எந்த ஊரிலோ இதைப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை விளையாட்டுகள் எழுதப்போகிறீர்கள். நீங்கள் எழுதும் முதல் விளையாட்டிலேயே ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைத்துவிடுங்கள். முடித்ததும் உங்கள் செல்பேசியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு, உங்கள் விளையாட்டை நீங்களே விளையாடிப் பாருங்கள். எந்தப் பொத்தான் பேசவில்லையோ அதைச் சரிசெய்த பிறகு வெளியிடுங்கள்.